முகிலுக்குள் கப்பல்கள்

1933 ஆகஸ்ட் 1, செவ்வாய்

அம்மா இன்று காலை தேங்காய் துருவும்போது கையில் கல்லுக் காப்பு போட்டிருந்தார். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருகிற காப்பு. நான் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபடியால் கண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

மத்தியானம் தம்பு மாமா வந்தபோது காரணம் விளங்கியது. தம்பு மாமா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். பினாங்கில் உள்ள யாழ்ப்பாணத்து வீடுகளில் எந்த வீட்டில் பெட்டை வளர்ந்திருக்கிறது, எந்த ஊர்ப் பெடியனுக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தைப்பிங்கிலிருந்து ஒரு குடும்பம் சனிக்கிழமை வருகிறதாம். தாய், மகன், மகனுக்கு மூத்த அக்கா. மகனுக்கு நில அளவைக் கந்தோரில் கிளாக்கர் வேலை. பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. மாமா வீட்டில்தான் தங்குகிறார்கள்.

"ஊர் பாக்கத்தான் வருகினம்," என்று மாமா அழுத்திச் சொன்னார். "பொம்பிளை பாக்க எண்டு ஒருதரும் வாய் திறக்கக் கூடாது. சரிவராட்டி, ஊர் பாத்திட்டுப் போட்டினம். ஒருதருக்கும் மரியாதைக் கேடு இல்லை."

இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பார்க்க இடம் நிறைய உள்ள தீவு. போன வருடம் பக்கத்து வீட்டு அக்காவைப் பூந்தோட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள்.



ஆகஸ்ட் 2, புதன்

எனக்குத் தூரம் தெரியாது.

கிட்ட இருப்பது நன்றாகத் தெரியும். ஊசியில் நூல் கோர்க்க அம்மா என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் கை நீட்டினால் எட்டாத எதுவும் எனக்குக் கரைந்துபோய்விடும். மரம் என்றால் ஒரு பச்சை மூட்டம். றோட்டில் வருகிற ஆள் ஒரு நிறம், பிறகு ஒரு நடை, பிறகு ஒரு குரல். குரல் வந்த பிறகுதான் யார் என்று தெரியும். அதற்குள் அவர்கள் "தலையைக் குனிஞ்சுகொண்டு போகுது, சரியான கூச்சம்" என்று சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். கூச்சமும் உண்டுதான். எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியாது.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை எனக்கு வெறும் கறுப்பு. பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்து எழுதுவேன். களவு என்று அடித்தார்கள். நாலாம் வகுப்போடு "மந்தம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா துறைமுகக் கந்தோரில் வேலை. அவர் கோபப்படவில்லை. "சரி, வீட்டில நில்," என்றார். அதற்கு நான் அழுதேன்.

அம்மாவுக்கு மட்டும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், வாசல் படலையடியில் நின்ற ஆட்டை நாய் என்று நினைத்து நான் கல் எடுத்த அன்று கண்டுபிடித்தார். கண்ணாடி போடலாமா என்று கேட்டேன்.

"ஒருக்கா மூக்கில ஏறினா இறங்காது," என்றார் அம்மா. "ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும். பிறகு ஆர் வருவான்? இதை அப்பாவிட்டயும் கதைக்காதை."

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. வெளியே போனால் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பாசமான தாய் என்று சனங்கள் சொல்லும்.

ஆகஸ்ட் 3, வியாழன்

பாடம் படிக்கிறோம்.

அம்மா இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்பாவோடு எல்லா இடமும் சுற்றியிருக்கிறார். அதை எல்லாம் இப்போது எனக்குச் சொல்லித் தருகிறார். பாம்புக் கோயிலில் பீடத்தில் பாம்புகள் சுற்றிக் கிடக்கும், தள்ளி நின்று கும்பிட வேண்டும். பாலிக் புலாவில் வயல் கடல்வரைக்கும் போகும், "வடிவாயிருக்கு" என்று சொல்ல வேண்டும். மலையில் கம்பியடியில் நின்றால் கீழே பட்டினம், அதற்கப்பால் துறைமுகம், கப்பல்கள், அக்கரையில் பிறை என்கிற ஊர். இடது கைப்பக்கம் தூரத்தில் குனோங் ஜெராய் மலை.

"கேட்டாச் சொல்லு. கேக்காட்டிச் சும்மா நில்," என்றார்.

"பொய்தானே அம்மா?"

"என்ன பொய்? கலியாணத்தில பட்டப்பகலில அருந்ததி காட்டுவினம். பொம்பிளையும் மாப்பிள்ளையும் மேல பாத்து, தெரியுது தெரியுது எண்டுவினம். ஆர் கண்டது? எனக்கு அண்டைக்குக் கண்ணில வெய்யில்தான் பட்டது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுப்பில் வைத்த பால் பொங்கி ஊற்றியதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

இடது கைப்பக்கம் ஜெராய். இடது கைப்பக்கம் ஜெராய்.

ஆகஸ்ட் 5, சனி

போய் வந்துவிட்டோம். ஒழுங்காக எழுத வேண்டும்.

வாடகைக் கார். ஓட்டியவர் முகம்மது கனி என்று ஒரு நாகூர்க்காரர். அவருக்குப் பக்கத்தில் அவர், தைப்பிங் மாப்பிள்ளை. பின்னால் அம்மா, அவருடைய தாயான தைப்பிங் மாமி, அவருடைய அக்கா தில்லை, நான். அப்பாவுக்கு அரை நாள் வேலை, வரவில்லை.

தில்லை அக்கா கண்ணாடி போட்டிருக்கிறார்! வட்டக் கண்ணாடி, தடித்தது. காரில் ஏறும்போதே அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. அக்காவுக்கு முப்பது வயது. இன்னும் கலியாணம் ஆகவில்லை.

பாம்புக் கோயில் உள்ளே ஒரே புகை, ஊதுபத்தி வாசம். அம்மா மாமியோடு கதைத்துக்கொண்டு பின்னால் நின்றுவிட்டார். பாம்பு எங்கே என்று தேடினேன். பீடத்தில் ஒரு சாடி, அதில் காய்ந்த கொப்புகள். ஒரு கொப்பு மட்டும் பச்சையாய் இருந்தது. அதை மட்டும் ஏன் காயவிடவில்லை என்று பார்க்கக் குனிந்தேன். மூக்குக்கு நேரே அந்தக் கொப்பின் நுனியிலிருந்து ஒரு சின்ன நாக்கு வந்து போனது.

என்னால் அசைய முடியவில்லை. கத்தவும் வரவில்லை. அப்படியே நின்றேன். பாம்பும் அப்படியே கிடந்தது.

"அம்மாடி, இந்தப் பிள்ளையைப் பாருங்கோவன்," என்று மாமி பின்னாலிருந்து சொன்னார். "கொஞ்சமும் பயமில்லை. ஸ்ரீ, பாத்தியே? நீ வாசலிலயே நிண்டிட்டாய்."

"நான் செருப்புக்குக் காவல் நிக்கிறன் அம்மா," என்றது அவர் குரல்.

வெளியே வந்ததும் கனி அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் வருசக்கணக்கா ஆளுங்களக் கூட்டிட்டு வர்றேன் தங்கச்சி, இந்தப் படியத் தாண்டுனது கெடையாது. நீங்க என்னடான்னா அதுகிட்ட முத்தம் கேக்குறீங்க லா."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது.

பாலிக் புலாவில் டுரியான் காலம். றோட்டோரக் கொட்டிலில் இறங்கினோம். வயல் கடல்வரைக்கும் போவதாக எல்லாரும் சொன்னார்கள். நானும் "வடிவாயிருக்கு" என்றேன். பச்சை நிறம், அது வடிவுதான், பொய் இல்லை.

அம்மா பதற்றத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார். "தில்லைக்குக் கண்ணில என்ன, சின்னனிலயிருந்தோ?"

"படிக்கிறன் படிக்கிறன் எண்டு கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்," என்றார் மாமி. "வந்த மாப்பிள்ளையள் எல்லாம் இதைக் கண்டிட்டு வாசலோட போட்டினம். வாற மருமகளாவது நல்ல கண்ணோட வரவேணும். வீட்டுக்கு ஒரு கண்ணாடி காணும்."

"நான் இஞ்சதான் இருக்கிறன் அம்மா," என்றார் தில்லை அக்கா. "கண்தான் குறை. காது நல்லாக் கேக்குது."

நான் டுரியான் கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு கை, இலையில் ஒரு சுளையை வைத்து எனக்கு நீட்டியது. நடுவிரலில் மை கறை. நகங்கள் வெட்டியிருந்தன. அந்தக் கையை மட்டும் கண்டேன். முகம் தெரியாது. நாள் முழுக்க ஒரே காரில் இருந்திருக்கிறேன். இன்றைக்கு றோட்டில் எதிரே வந்தால் ஆர் என்று கேட்பேன்.

நாளைக்கு மலை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஐயோ.

எப்படி எழுதுவது. முதலிலிருந்து.

ஆயர் ஈத்தாமுக்கு டிராமில் போனோம். இன்று அப்பாவும் தம்பு மாமாவும் கூட. பிறகு மலை ரயில். பாதியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அந்த இடத்தில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. மேலே போனதும் அப்பா அவரை ஒரு மர வாங்கில் இருத்தினார். நான் மாமியோடு கம்பிக்குப் போக வேண்டியதாயிற்று. மணிக்கட்டில் கை இல்லாமல்.

கம்பியடியில் எல்லாரும் பேசாமல் நின்றார்கள். அழகில் மயங்கி நிற்கிறார்கள் என்று நினைத்தேன். குளிராக இருந்தது. எதிரே வெள்ளையாக இருந்தது. எனக்குத் தூரம் எப்போதும் கொஞ்சம் வெள்ளையாகத்தான் இருக்கும். நான் இதற்கு முன் மலை ஏறியதில்லை. எனக்கெப்பிடித் தெரியும்?

அவர் முதல் தடவையாக என்னோடு நேரே கதைத்தார். "இதில நிண்டா என்னெல்லாம் தெரியும்?"

பாடம் வாயில் இருந்தது. கையை நீட்டினேன். "அந்தா, கீழ பட்டினம். அங்கால துறைமுகம். கப்பல் நிக்குது. ஒண்டு புகை விடுது. அக்கரையில பிறை. இடது கைப்பக்கம் ஜெராய் மலை."

புகை அம்மா சொல்லித் தந்தது இல்லை. நானாகச் சேர்த்தது.

மாமி மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, எங்கை காட்டுறாய்? எல்லாம் முகில்தானே. ஒரு முழத்துக்கு அங்கால ஒண்டும் தெரியேல்லை."

என் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். இனி தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர், எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும்—

அவர் சிரித்துவிட்டார். ஒரு நொடி பிந்தி, ஆனால் வாய்விட்டு. "ஓம் ஓம், அந்தப் புகை மட்டும் நல்லாத் தெரியுது. கப்பல் முழுக்கப் புகைதான்."

தம்பு மாமா சிரித்தார். மாமியும் சிரித்தார். "பாத்தியளே, வாயே திறக்காத பிள்ளை எண்டு நினைச்சன். என்ன பகிடி விடுது!"

அம்மா வாங்கிலிருந்து ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. "அவள் வீட்டிலயும் உப்பிடித்தான். சரியான பகிடிக்காரி."

நான் பிறந்ததிலிருந்து ஒரு பகிடி விட்டதில்லை.

தேத்தண்ணி குடிக்க எல்லாரும் நகர்ந்தபோது தில்லை அக்கா என் முழங்கையைப் பிடித்து, பூஞ்செடிகள் இருந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் தன் சேலைத் தலைப்பால் துடைத்து என் முகத்தில் மாட்டினார்.

முகில் அப்போது கலையத் தொடங்கியிருந்தது.

மரத்தில் இலைகள் தனித்தனியாக இருக்கின்றன. தூரத்து மரத்திலும். எல்லாருக்கும் இது எப்போதும் தெரிந்துகொண்டே இருந்ததா? கீழே கூரைகள், சிவப்பாக. கடல் ஒரு தகடு. அதன்மேல் கப்பல்கள். அவற்றில் ஒன்றுகூடப் புகை விடவில்லை.

திரும்பினேன். அவர் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று அப்பாவுக்கு நான் கை நீட்டிய விதத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கிண்டல் இல்லை. சந்தோசம். நல்ல முகம். முன்பல் ஒன்று கொஞ்சம் வளைந்திருக்கிறது.

அம்மா தனியாக இருந்தார். அம்மாவின் முகத்தை நான் இத்தனை தூரத்திலிருந்து கண்டதே இல்லை. கிட்ட வந்தால் எனக்காக ஒரு முகத்தை வைத்துக்கொள்வார் போலிருக்கிறது. இது வேறு. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. யாரோ அடிக்கக் கை ஓங்கியது போல் தோள் இரண்டும் ஒடுங்கியிருந்தன.

"நான் ஒருதருக்கும் ஒண்டும் சொல்ல மாட்டன்," என்றார் தில்லை அக்கா. "சொல்லுறதும் விடுறதும் உன்ர பாடு. இப்ப கண்ணாடியைத் தா பிள்ளை. அது இல்லாமல் எனக்குப் படி தெரியாது. உருண்டு போய் ஆயர் ஈத்தாமிலதான் எழும்புவன்."

கொடுத்தேன். எல்லாம் கரைந்துபோனது.

ஆகஸ்ட் 7, திங்கள்

ஃபெரியில் போய்விட்டார்கள். எந்தப் பக்கம் கையை ஆட்டுவது என்று அம்மா என் தோளைத் திருப்பிவிட்டார்.

ஆகஸ்ட் 9, புதன்

சம்மதமாம்.

தம்பு மாமா சந்தோசத்தில் படியேறும்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். "தாய்க்கு வாய் ஓயேல்லை. 'துணிச்சலான பிள்ளை, பாம்புக்குக்கூடப் பயமில்லை. பகிடியும் விடுது. என்ர பெடியன் இப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்லை' எண்டு சொல்லுறா. சனிக்கிழமை வாறன், நாள் வைப்பம்."

அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் அழுதார். சந்தோசத்தில்தான். அப்பா என் தலையில் கை வைத்தார்.

ஆகஸ்ட் 10, வியாழன்

அவர்களுக்குப் பிடித்தது துணிச்சலும் பகிடியும் உள்ள ஒரு பெட்டையை. அவள் ஆர்? நான் அவளைக் கண்டதில்லை.

அம்மாவிடம் கேட்டேன், கலியாணத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று. "ஒரு பிள்ளை பிறந்திட்டா எல்லாம் சரி. பிறகு ஆர் கேக்கப் போயினம்?" என்றார்.

ஒரு பிள்ளை பிறக்குமட்டும்? அந்த வீட்டில என்ர கையை ஆர் பிடிப்பினம்? மாமி தூரத்திலயிருந்து கண்ணால ஏதும் காட்டினா நான் என்ன செய்யிறது? அவர் றோட்டில எதிர வந்தாத் தெரியாமல் போவனே. ஒவ்வொரு நாளும் மலையில நிக்கிற மாதிரி— ஒவ்வொரு நாளும் முகிலோ கடலோ எண்டு தெரியாமல்—

நல்ல முகம் அது. காணாமலே இருந்திருக்கலாம்.

சொன்னால் அம்மா செத்துப்போவார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

தம்பு மாமா பஞ்சாங்கத்தோடு வந்தார். அப்பாவும் அவரும் கூடத்தில் இருந்தார்கள். அம்மா பலகாரத் தட்டை என் கையில் தந்து, கொண்டுபோய் வைக்கச் சொன்னார். வைத்தேன். வைத்த பிறகு உள்ளே போகவில்லை.

"மாமா," என்றேன். "மலையில எனக்கு அது முகில் எண்டு தெரியேல்லை. பகிடி இல்லை. பாம்பையும் கொப்பு எண்டுதான் நினைச்சன். எனக்குத் தூரம் தெரியாது. அவைக்கு அப்பிடியே சொல்லுங்கோ."

மாமா பஞ்சாங்கத்தை மூடினார். "பிள்ளைக்கு என்ன, காய்ச்சலோ?"

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே நின்று கையை உயர்த்தினார் என்று நினைக்கிறேன். "வள்ளி, என்ர கையில என்ன?"

"தெரியேல்லை அப்பா."

கிட்ட வந்தார். இன்னும் கிட்ட. என் முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் சொன்னேன், "குடை."

அவர் குடையைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். "அப்ப பள்ளிக்கூடத்திலயும்?"

"ஓம் அப்பா."

தம்பு மாமா பலகாரத்தைத் தொடாமல் போனார்.

ஆகஸ்ட் 16, புதன்

அம்மா என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டுப் போகிறார். இன்று ஊசியில் நூல் கோர்க்க வெகுநேரம் தானே முயன்றுகொண்டிருந்தார். நான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

தைப்பிங்கிலிருந்து செய்தி. என் சாதகத்தில் செவ்வாய்த் தோசம் இருக்கிறதாம். இரண்டாந்தரம் பார்த்தபோதுதான் தெரிந்ததாம். கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தம்பு மாமா அதை மரியாதையாகவே சொன்னார். நாங்களும் மரியாதையாகவே கேட்டுக்கொண்டோம்.

மலையில் சிரித்த அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஏலாது.

"ஊர் பாக்க வந்தினம், பாத்திட்டுப் போட்டினம்," என்றார் அப்பா. அம்மா எழுந்து குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டார்.

அழுதேன். ஆனால் இரவு நன்றாகச் சோறு சாப்பிட்டேன். அது எனக்கே வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 2, சனி

அப்பா அரை நாள் முடிந்து வந்து சேலை மாற்றச் சொன்னார். அம்மா வரவில்லை என்றார். நாங்கள் முச்சந்திக்குப் போவதற்குள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்.

பட்டினத்தில் ஒரு சீனருடைய கண்ணாடிக் கடை. அவர் என்னை நாற்காலியில் இருத்தி, மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டினார். கண்ணாடி வில்லைகளை ஒன்று மாற்றி ஒன்று போட்டார். எதிர்ச் சுவரில் எழுத்துகள். முதலில் கறுப்பு, பிறகு பூச்சி, பிறகு எழுத்து. மேலே பெரிதாக ஒன்று, வரவரச் சின்னது. சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்துக்கும் தலையை ஆட்டினார். அம்மா வாசலோரம், றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கடைசி வரியையும் வாசித்து முடித்தேன். கடைக்காரர் "சுடா, சுடா," முடிந்தது என்று மலாயில் சொல்லி, சட்டத்தைக் கழற்றக் கை நீட்டினார்.

நான் வாசல் பக்கம் திரும்பி, றோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினேன். சத்தமாக.